கேள்விப்பட்ட நோய்

2019 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் புற்றுநோய் இருப்பதாக எனக்குத் தெரிவிக்கப்பட்டது. வாக்கியம் செயப்பாட்டு வினையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. 'நோய் வந்தது' என்று எழுத முடியவில்லை. வந்ததை நான் பார்க்கவில்லை. 'நோயை உணர்ந்தேன்' என்று எழுதினால் அது பொய்.

இரண்டு மாதமாக, சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றில் ஓர் எரிச்சல். பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று பாளையங்கோட்டையில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். ஸ்கேன் செய்தவர் பித்தப்பையைப் பார்த்துவிட்டு, வழக்கப்படி கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகங்கள் என்று சுற்றி வந்தார். இடது பக்கம் வந்ததும் கை நின்றது. 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று மூன்று தடவை சொன்னார். பித்தப்பையில் கல் இல்லை. எரிச்சல் வெறும் அமிலம். இரண்டு வார மாத்திரையில் போய்விட்டது. இடது சிறுநீரகத்தின் கீழ்முனையில் 3.8 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. எனக்கு இருந்த வலி அந்த நோயினுடையதில்லை. எனக்கு இருந்த நோய்க்கு வலி இல்லை.

இதை ஒரு சிறு பத்திரிகையில் எழுதுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. 1978இல், இருபத்தைந்து வயதில், இதே போன்ற ஒரு பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். என் நண்பர் ஒருவர், தம் தாயாரின் நோய் பற்றி ஏழெட்டுக் கவிதைகள் வெளியிட்டிருந்தார். அவற்றில் வருவது 'கேள்விப்பட்ட வலி' என்று எழுதினேன். கட்டில் அருகே நின்றவன் கட்டிலில் கிடந்தவளின் உடம்பைப் பற்றிப் பேச உரிமையற்றவன். அனுபவத்தில் கால் ஊன்றாத படிமம் வெறும் அலங்காரம். இப்படிப் போயிற்று கட்டுரை. அந்நாளில் எங்களுக்கு அனுபவம் என்ற சொல் கையில் ஒரு தராசு மாதிரி. யாரையும் நிறுத்துப் பார்த்து, குறைகிறது என்று சொல்லிவிடலாம். நண்பர் அதற்குப் பிறகு கவிதை எழுதவில்லை. காரணம் நான்தான் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மதுரையில் பார்த்த யூராலஜி டாக்டர் என்னைவிட இருபது வயது இளையவர். வந்தவுடன் மூன்று கேள்வி கேட்டார். சிறுநீரில் ரத்தம் போனதா? விலாப்பக்கம் வலி உண்டா? கைக்குத் தட்டுப்படும்படி வீக்கம் இருந்ததா? மூன்றுக்கும் இல்லை என்றேன். அவர் சந்தோஷப்பட்டது போலிருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பழைய பாடப் புத்தகங்கள் சிறுநீரகப் புற்றுநோயின் அடையாளமாகச் சொல்லும் என்றார். மூன்றும் ஒன்றுசேர்ந்து வருகிறவர் இப்போது பத்தில் ஒருவர்கூட இல்லை. அப்படி வந்தால் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். இன்று கண்டுபிடிக்கப்படுபவற்றில் பாதிக்கு மேல் என்னுடையது போல, வேறு எதையோ தேடப்போய் அகப்படுபவை. நோயாளிக்கு ஒன்றும் தெரியாமலிருக்கும்போதே மருத்துவருக்குத் தெரிந்துவிடுவது நல்ல காலம் என்றார். ஒன்றும் தெரியாதவனாக நான் அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது சி.டி. ஸ்கேன். மருந்து ஏற்றாமல் ஒரு சுற்று, ஏற்றிய பிறகு சில சுற்றுகள். மருந்து ஏறும்போது தொண்டையில் ஒரு சூடு கிளம்பி வயிறு வழியாக இறங்கி, படுத்தபடியே சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று கூசும் இடத்தில் வந்து நிற்கிறது. வாயில் தகரத்தைச் சப்பின ருசி. இந்த நோய் சம்பந்தமாக அதுவரை எனக்குக் கிடைத்த ஒரே ஸ்தூல அனுபவம் இதுதான். இதுவும் மருந்து தந்தது.

படத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் பூஜ்யம், காற்று கழித்தல் 1000. இந்த அளவைக்கு, கருவியை உருவாக்கிய ஹௌன்ஸ்ஃபீல்டின் பெயர். இங்கிலாந்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த எஞ்சினியர். 1971இல் முதல் நோயாளியைப் படம் பிடித்தார்கள். 1979இல் கார்மாக்குடன் அவருக்கு நோபல் பரிசு. என் கட்டி மருந்து ஏற்றுவதற்கு முன் 36; ஏற்றிய பின் 118. நீர்க்கட்டியாக இருந்தால் எண் ஏறாது. 20க்கு மேல் ஏறினால் அதற்குள் ரத்தம் ஓடுகிறது என்று பொருள். கறுப்பு வெள்ளைப் படத்தில், மங்கலாகக் கிடந்த ஓர் உருண்டை அடுத்த படத்தில் விளக்கேற்றினாற்போல் வெளுத்திருந்தது. படிமம் படிமம் என்று வருஷக்கணக்கில் எழுதியவன், எனக்குள் இருந்ததன் படிமத்தை மேஜைக்கு எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனை பண்ண வேண்டாமா டாக்டர்?'

'பெரும்பாலும் தேவைப்படறதில்ல சார். படமே போதும்.'

மார்பிலோ வயிற்றிலோ கட்டி என்றால் முதலில் துணுக்கெடுத்துப் பார்த்து, பெயர் வைத்து, பிறகுதான் கத்தி. சிறுநீரகத்தில் மட்டும், நிச்சயமான இடங்களில், படத்தை நம்பியே கத்தி எடுக்கிறார்கள். சந்தேகம் இருக்கும்போது ஊசி போட்டு எடுப்பதும் உண்டு. ஆனால் ஊசியில் வரும் துணுக்கு சில சமயம் ஒன்றும் சொல்லாமல் போய்விடும். ஆபத்தில்லை என்று வந்தாலும் முழுக்க நம்பிவிட முடியாது. நாலு சென்டிமீட்டருக்குட்பட்ட கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, எடுத்துப் பார்த்த பிறகு புற்றுநோயே இல்லை என்று தெரியவருகிறது. இதையும் அவர் மறைக்கவில்லை. வயதானவர்களுக்கும் உடம்பு தாங்காதவர்களுக்கும் சிறிய கட்டியை வெட்டாமல், ஆறு மாதத்துக்கொரு முறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு வழிதான். உங்களுக்கு 66 வயதுதான், இருதயம் நன்றாக இருக்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்றார்.

அதாவது முதலில் சம்மதம், பிறகுதான் அறிவு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எதற்காகக் கொடுத்தோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு நாள் இதில் மனம் முரண்டியது. என் உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு படம் சொல்கிறது. அதை வாசித்தவர் சொல்கிறார். நான் விலாவைத் திறந்து காட்ட வேண்டும். 'நல்லாத்தானே இருக்கீங்க' என்றாள் என் மனைவி. அவள் சொன்னதும் ஒரு வாசிப்பு. உண்மையில் அது என் வாசிப்புடன் முழுக்க ஒத்துப்போயிற்று. இரண்டும் தப்பு.

அந்த இரண்டு நாளில் இந்தச் சிகிச்சையின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். தைரியத்துக்காகப் படித்தேன் என்பதுதான் நிஜம். 1861இல் அமெரிக்காவில் மில்வாக்கியில் உல்காட் என்ற டாக்டர் ஒரு நோயாளியின் வயிற்றிலிருந்து பெரிய கட்டி ஒன்றை எடுத்தார். கல்லீரல் கட்டி என்று நினைத்து எடுத்தது, எடுத்த பிறகு சிறுநீரகம் என்று தெரிந்தது. நோயாளி பதினைந்து நாள் இருந்தார். தெரிந்தே செய்த முதல் ஆபரேஷன் 1869 ஆகஸ்ட் 2, ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரில். செய்தவர் குஸ்டாவ் ஸைமன். அது புற்றுநோய்க்காக அல்ல. முந்தைய ஓர் ஆபரேஷனில் சிறுநீர்க்குழாய் சேதப்பட்டு, ஓயாமல் சிறுநீர் கசிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்காக. ஒரு சிறுநீரகத்தோடு உயிர் வாழ முடியுமா என்பதே அன்று யாருக்கும் நிச்சயமில்லை. ஸைமன் நாய்களில் ஒன்றை எடுத்து, நாய்கள் பிழைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண்ணிடம் வந்தார். அவள் பிழைத்தாள். அவளும் நிச்சயமில்லாத ஒன்றுக்குத்தான் சம்மதித்திருக்கிறாள். என்னைப் போலில்லாமல், அவளுடைய நோய் ஒவ்வொரு மணி நேரமும் அவள் துணியை நனைத்து அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஸைமனுக்குப் பின் அதே ஊரில் அதே பதவிக்கு வந்த செர்னி, 1887இல் ஒரு கட்டிக்காகச் சிறுநீரகத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார். அந்த வழி நெடுங்காலம் முக்கியத்துவம் பெறவில்லை. 1960களில் டொராண்டோவில் ராப்ஸன் வகுத்த முறைதான் சாஸ்திரமாயிற்று: சிறுநீரகம், அதைச் சுற்றிய கொழுப்பு, உறை, மேலே தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பி, நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாக எடுத்துவிடுவது. ஸ்கேன்கள் வந்து கட்டிகள் சிறிதாக இருக்கும்போதே அகப்பட ஆரம்பித்ததும் செர்னி திரும்பி வந்தார். இன்று நாலு சென்டிமீட்டருக்குள் இருந்தால், இடமும் வாகாக இருந்தால், கட்டியை மட்டும் சுற்றிலும் சிறிது நல்ல சதையோடு எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைத்துவிடுவதே முதல் யோசனை. எனக்குப் பதினைந்து வருஷ ரத்தக் கொதிப்பு. முப்பது வருஷம் சிகரெட். இரண்டும் இந்த நோய்க்கு வழி செய்பவை என்று டாக்டர் குற்றம் சாட்டாமல் சொன்னார். மற்ற சிறுநீரகத்தையும் ரத்தக் கொதிப்பு மெல்ல அரித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே முடிந்த மட்டும் மிச்சம் வைப்போம் என்றார்.

'உள்ளே போன பிறகு முடியலேன்னா முழுசும் எடுக்கவேண்டி வரும். அதுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து.'

போட்டேன்.

ஆபரேஷன் ஆகஸ்டில். வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, மேஜையை நடுவில் வளைத்து, இடது விலா விரியும்படி செய்து வெட்டுகிறார்கள். மயக்கத்தில் இருந்த எனக்கு இதுவும் கேள்விப்பட்டதுதான். சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து இருதயம் இறைக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். அப்படிப்பட்ட இடத்தில் கத்தி வைப்பதென்றால் முதலில் தமனியைக் கிடுக்கி போட்டு மூட வேண்டும். மூடிய நேரத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. அரை மணிக்கு மேல் போனால் ரத்தமில்லாத சிறுநீரகம் சேதப்பட ஆரம்பிக்கும். அதற்குள் கட்டியை எடுத்து, திறந்த குழாய்களைத் தைத்து, கிடுக்கியை எடுத்தாக வேண்டும். என் ஆபரேஷன் குறிப்பில் '19 நிமிஷம்' என்றிருக்கிறது. என் வாழ்க்கையின் மிக முக்கியமான 19 நிமிஷம் அதுவாக இருக்கலாம். அதைப்பற்றி எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு இலக்கம்.

விழித்ததும் வலி. கடைசியில் ஓர் அனுபவம் கிடைத்தது. விலாவில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய், கையில் ஒன்று. மூச்சை இழுத்து மூன்று பந்துகளை மேலே எழுப்பும் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மணிக்கொரு தரம் ஊதச் சொன்னார்கள், ஊதுவதல்ல, இழுப்பது. நான் முதலில் ஊதினேன். இருமினால் தையல் பிய்வது போலிருக்கும். தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். இந்த வலி முழுக்கச் சிகிச்சையின் வலி. நோய் அதுவரை என்னை ஒன்றும் செய்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் நண்பர் வந்தார். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். மனைவியைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் அவர் தாயார் பக்கத்தில் உட்கார்ந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. சொல்லிவிடலாமென்று ஆரம்பித்தேன்.

'அந்த 78ஆம் வருஷக் கட்டுரை...'

'அது கெடக்கட்டும். இரும்மும் ஓய். சளி கட்டிரும்.'

தலையணையை எடுத்து அவரே என் விலாவில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இருமினேன். நான் இருமியபோது அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். எனக்கு வலிப்பதற்கு ஒரு கணம் முந்தியே அது சுருங்கியது. கேள்விப்பட்ட வலி என்று நான் எழுதியது இதைத்தான்.

பதினோராம் நாள் பரிசோதனை அறிக்கை வந்தது. புற்றுநோய்தான். க்ளியர் செல் வகை. நாலு தரங்களில் இரண்டாவது தரம். வெட்டிய விளிம்புகளில் நோய் இல்லை. படம் சரியாகவே வாசிக்கப்பட்டிருந்தது. அறிக்கையில் கையெழுத்திட்டிருந்த பெண் என்னோடு தபால் இலாகாவில் வேலை பார்த்தவரின் மகள் என்று பிற்பாடு தெரிந்து, பார்க்க முடியுமா என்று கேட்டனுப்பினேன். தையல் பிரித்த பின் ஒரு மாலை அவள் தன் அறைக்கு அழைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். இளஞ்சிவப்பும் நீலமும் ஏற்றிய ஒரு கண்ணாடித் துண்டு. மெல்லிய ரத்தக் குழாய்கள் கோழிக்கூட்டு வலை மாதிரி பின்னியிருந்தன. கண்ணிகளுக்குள் செல்கள், நடுவில் ஒரு நீலப்புள்ளி, சுற்றிலும் ஒன்றுமில்லை. தெளிந்த நீர் மாதிரி.

'இதுதானா க்ளியர்?'

'ஆமா மாமா. ஆனா நிஜத்துல அது வெறுமையா இல்ல. உள்ள கொழுப்பும் க்ளைக்கோஜனும் நிறைஞ்சிருந்தது. ஸ்லைடு பண்றதுக்காக ஆல்கஹால்லயும் ஸைலீன்லயும் போட்டு எடுக்கறப்போ எல்லாம் கரைஞ்சு போயிடும். இருந்தது போன இடம்தான் இப்படித் தெரியுது. வெட்டினப்போ கட்டி நல்ல மஞ்சளா இருந்துச்சு.'

அந்த மஞ்சள்தான் 1883இல் க்ராவிட்ஸ் என்ற ஜெர்மன் நோய்க்கூறாளரை ஏமாற்றியது. அட்ரினல் சுரப்பியின் மேற்புறமும் இதே போலக் கொழுப்பேறி மஞ்சளாக இருக்கும். ஆகவே சிறுநீரகத்துக்குள் வழிதவறித் தங்கிவிட்ட அட்ரினல் துணுக்கிலிருந்துதான் இந்தக் கட்டி வளர்கிறது என்று முடிவு கட்டினார். 'ஹைப்பர்நெஃப்ரோமா', சிறுநீரகத்துக்கு மேலிருந்து வந்தது, என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. கருத்து தவறு என்று ஆன பிறகும் பெயர் பல பத்தாண்டுகள் நின்றது. கட்டி சிறுநீரகத்தின் சொந்தக் குழாய்களிலிருந்தே வருகிறது. நாங்கள் அந்தக் காலத்தில் தெளிவு, இருண்மை என்று சண்டை போட்டதை நினைத்துக்கொண்டேன். தெளிவாகத் தெரிகிற இடம் எதுவோ கழுவப்பட்ட இடமாகவும் இருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன்.

அக்டோபரில் வில்லியம் கேலின், பீட்டர் ராட்க்ளிஃப், க்ரெக் செமன்ஸா மூவருக்கும் நோபல் பரிசு அறிவித்தார்கள். செல்கள் பிராணவாயு இருக்கிறதா இல்லையா என்று எப்படி அறிந்துகொள்கின்றன என்ற ஆராய்ச்சிக்காக. பத்திரிகையில் அந்தச் செய்தியை நான்கு தடவை படித்தேன். வான் ஹிப்பல், லிண்டாவ் என்ற இருவர் பெயரால் வழங்கும் ஒரு ஜீன் உண்டு. அது உண்டாக்கும் புரதம், பிராணவாயு போதுமான அளவு இருக்கும்போது, மூச்சுத் திணறலுக்கான அபாய அறிவிப்பை அழித்துக்கொண்டே இருக்கிறது. க்ளியர் செல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஜீன் கெட்டுப்போயிருக்கும். சுற்றிலும் வேண்டிய காற்று இருந்தும், மூச்சு முட்டுகிறது என்று செல் நம்புகிறது. ரத்தக் குழாய்களைக் கூவி அழைக்கிறது. அவை வந்து கோழிக்கூட்டு வலையாகப் பின்னுகின்றன. அதனால்தான் சி.டி. படத்தில் 36, 118 ஆயிற்று. நான் ஒன்றும் அறியாமல் நடமாடிக்கொண்டிருந்தபோது, எனக்குள் ஓர் உருண்டை தன்னந்தனியாகத் திணறிக்கொண்டிருந்திருக்கிறது. இல்லாத திணறல். ஆனால் அதன் விளைவுகள் நிஜம். அனுபவம்தான் கடைசிச் சாட்சி என்று எழுதியவனுக்கு இந்தச் செல்லை என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதன் அனுபவம் முழுமையானது, முழுவதும் தப்பு.

இதனால் அனுபவம் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த மூன்று பந்துகளை இழுத்தவன் அப்படிச் சொல்லமாட்டான். என் சொந்த உடம்பில் நடந்ததைக்கூட நான் பக்கத்தில் நின்றவர்களின் வாய்வழியாகத்தான் அறிந்தேன். அவர்கள் கவனமாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான் என் பாக்கியம். 1978இல் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எழுதியவன் கட்டிலில் கிடந்தானா என்பது இல்லை. கட்டிலருகே நின்றவன் சரியாகப் பார்த்தானா என்பது. அந்தக் கவிதைகளை இப்போது தேடிப் படித்தேன். மூன்று மோசம். இரண்டு சுமார். இரண்டில் அவர் சரியாகப் பார்த்திருக்கிறார். அந்த இரண்டையும் அன்று நான் மேற்கோள் காட்டவில்லை.

ஆறு மாதத்துக்கொரு தரமும் பிறகு வருஷத்துக்கொரு தரமும் ஸ்கேன் எடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் ஐந்து வருஷம் முடிந்தது. அறிக்கையின் கடைசி வரி ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான்: நோய் திரும்பியதற்கான சான்று இல்லை. நோய் இல்லை என்று எழுதுவதில்லை. சான்று இல்லை என்று எழுதுகிறார்கள். பார்த்தவன், பார்த்த அளவுக்கு மட்டும் சொல்கிற வாக்கியம். அந்த வருஷத்து அறிக்கையை நண்பரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து நிதானமாகப் படித்தார். மடித்துக் கொடுக்கும்போது சொன்னார்:

'நல்லா எழுதியிருக்கான் ஓய்.'